விற்ற காசு யார் கையில் நிற்கிறது?

வீட்டோடு செய்யும் சிறு தொழிலுக்கு இணையவழிக் கொடுப்பனவுச் சேவையைத் தெரிவு செய்தல்

காணியையும் வீட்டையும் விட்டு எழும்பி வந்த குடும்பம் மறுபடி காலூன்றுவதற்கு முதலில் தேடுவது கைக்கு அடக்கமான ஒரு தொழிலைத்தான். சின்னக் கொட்டகையில் காளான் வளர்க்கலாம். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வாங்கி இடித்துப் பொதி செய்யலாம். மரக்கறி நாற்று, பூங்கன்று, கூட்டுப்பசளை என்று வாசலிலேயே விற்கலாம். தெமோதரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எல்லவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்க்க வரும் உல்லாசப் பயணிகள் நமக்கு எட்டிய தூரத்தில்தான் நடமாடுகிறார்கள். கைத்தொலைபேசியில் நல்ல படமாக ஒன்று எடுத்துப் போட்டால், கொழும்பிலிருந்தும் "எனக்கு இரண்டு கிலோ அனுப்புங்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொருளைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பிவிடலாம். அதற்கு அடுத்த கேள்வியில்தான் பலரும் தடுமாறிப் போகிறார்கள்: "காசை எப்படிப் போடுவது?"

இதைப் பற்றி விசாரிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சேவை மலிவு என்றுதான் விசாரிக்கிறார்கள். நூறு ரூபாவுக்கு இரண்டரை எடுக்கிறார்களா, மூன்றரை எடுக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். அதுவும் கேட்க வேண்டியதுதான். ஆனால் கையிருப்பு இல்லாத குடும்பத்துக்கு அதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாங்குபவர் காசைக் கொடுத்த நேரம் தொடக்கம் அது உங்கள் வங்கிப் புத்தகத்தில் ஏறும் நேரம் வரைக்கும், அந்தக் காசு எங்கே, யார் பெயரில், எத்தனை நாள் நிற்கிறது?

துண்டும் பற்றுக் கணக்கும்

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. கங்காணி முறை நடந்த காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தின் ஆட்கள் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பேரில் நின்ற கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கட்டிய தொகை மறுபடி ஆட்கள் பேரிலேயே ஏறும். கணக்கை எழுதியவர் வேறு, கடனைச் சுமந்தவர் வேறு. 1921 ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. நம் ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்ததும் அதே ஆண்டில்தான்.

துண்டு போன பிறகும் பற்றுக் கடை போகவில்லை. சம்பள நாளில் கைக்கு வருமுன்பே கடைக்குப் போய்விடும் சம்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் அநேகர். தோட்டத்துப் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிய காலமும் தொலைதூரத்தில் இல்லை. இதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இணையவழி வியாபாரம் என்ற புதுப் பெயரில் அதே பழக்கம் மெதுவாகத் திரும்பி வருகிறது.

எப்படியென்றால் இப்படி. அக்கா நல்ல ஊறுகாய் போடுகிறார். அவரிடம் சாதாரண தொலைபேசிதான் இருக்கிறது. வங்கிக் கணக்கோ பழைய விலாசத்தில் கிடக்கிறது. டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர், "கவலைப்படாதீங்க அக்கா, காசு என் கணக்குக்கு வரட்டும், வந்ததும் எடுத்துத் தர்றேன்" என்கிறார். உதவும் எண்ணத்தோடுதான் சொல்கிறார். முதல் மாதம் ஒழுங்காகவே கொடுக்கிறார். இரண்டாம் மாதம் அவருக்கு ஒரு காசோலை நெருக்கடி, "அடுத்த கிழமை பார்ப்போம்." மூன்றாம் மாதம் அவர் கடையில் வாங்கிய அரிசியும் பருப்பும் அதில் கழிபடுகின்றன. ஆறு மாதத்தில் அக்கா எவ்வளவு விற்றார் என்பது அக்காவுக்கே தெரியாது. அந்த மனிதர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நடந்திருப்பது பற்றுக் கணக்குத்தான். கொப்பிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி வந்திருக்கிறது, அவ்வளவே.

ஆகவே முதல் விதியை எந்தச் சலுகையும் இல்லாமல் சொல்லிவிடுகிறோம். வேலை செய்பவர் பெயரில் கணக்கு இருக்க வேண்டும். ஊறுகாய் போடுவது அக்கா என்றால் கணக்கும் அக்காவின் பெயரில். தனியாகத் திறக்கத் தயக்கமென்றால் கணவனும் மனைவியும் கூட்டுக் கணக்காகத் திறக்கலாம். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி வந்து சேரும் தொலைபேசி இலக்கமும் அந்த வீட்டாருடையதாக இருக்க வேண்டும். இது அமையாத வரைக்கும் மற்றச் சேவைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எளிய வழிகள்

சிறு தொழிலைத் தொடங்கியவுடனே பெரிய சேவை எதுவும் தேவைப்படுவதில்லை. வாங்குபவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேரே காசு மாற்றலாம். வெவ்வேறு வங்கிகளுக்கிடையே அந்த நேரத்திலேயே காசு போய்ச் சேரும் 'செஃப்ட்ஸ்' என்ற ஏற்பாடு 2015 இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு காத்திருக்க வேண்டியிருந்தது. அனுப்புபவருக்குச் சில பத்து ரூபா கட்டணம் பிடிபடலாம். உங்களுக்குக் கழிவு இல்லை. தெரிந்த வாடிக்கையாளர் பத்துப் பதினைந்து பேரை வைத்து வியாபாரம் செய்பவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, சதுரக் கட்டம் அச்சடித்த கியூ.ஆர். அட்டை. பல வங்கிகளின் செயலிகளும் ஒரே அட்டையைப் படிக்கும்படி இலங்கை மத்திய வங்கி 2018 இல் ஒரு பொது அமைப்பை வகுத்தது. அதுதான் லங்கா கியூ.ஆர். இதை நடத்தும் லங்காபே நிறுவனத்துக்கு மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் பங்குதாரர்கள். வியாபாரியிடம் பிடிக்கும் கழிவு நூற்றுக்கு 1 ரூபாவுக்கு மேல் போகாதபடி மத்திய வங்கி எல்லை வைத்தது. உங்கள் வங்கிக் கிளையில் கேட்டால், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அட்டையைத் தருவார்கள். அதற்கென்று இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. மேசையில் ஒட்டி வைத்தால் போதும். வருபவர் தன் தொலைபேசியால் படம் பிடித்துத் தொகையைப் போடுவார்.

பாலத்துப் பக்கம் கடை போடுபவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. 2024 பெப்ரவரி 12 ஆம் திகதி இந்தியாவின் யு.பி.ஐ. முறை இலங்கையிலும் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியப் பயணி ஒருவர் தன் நாட்டுச் செயலியாலேயே நம் லங்கா கியூ.ஆர். அட்டைக்குக் காசு கொடுக்க அது வழி செய்தது. சில்லறை இல்லை, டொலர் மாற்றவில்லை என்று அவர் திரும்பிப் போக வேண்டியதில்லை. உங்கள் அட்டைக்கு அந்த வசதி இருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, தொலைபேசிக் கம்பனிகளின் கைப்பணம். ஈசி கேஷ் 2012 இல் வந்தது; எம்கேஷ் அதற்குப் பிறகு வந்தது. வங்கிக்குப் போக நாலு மைல் இறங்க வேண்டிய டிவிசன்களில் இது பெரிய உதவிதான். கென்யாவில் 2007 இல் தொடங்கிய எம்-பெசா இதே வழியில்தான் கிராமத்துச் சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இங்கே தொலைபேசிக் கம்பனி வாடிக்கையாளரின் காசைத் தன் கல்லாவில் வைத்திருக்க முடியாது. அனுமதி பெற்ற வர்த்தக வங்கியொன்றில் அதைப் பொறுப்புக் கணக்காக வைக்க வேண்டும் என்று மத்திய வங்கியின் விதி சொல்கிறது. இருந்தாலும் கைப்பணத்தைச் சேமிப்பாக விட்டுவைக்க வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். வந்ததை வங்கிக்கு மாற்றிவிடுங்கள். வங்கியில் போட்ட வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரைக்கும் வைப்புக் காப்புறுதி இருக்கிறது.

பொருளைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிவரும் கூரியர் சேவையையும் இதே கண்ணால் பாருங்கள். அது காகிதக் காசுதான் என்றாலும், உங்கள் கைக்கு வரும் வரை கூரியர் கம்பனியின் கையில்தான் நிற்கிறது. எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அட்டைக் காசு சுற்றும் சுற்று

முன்பின் தெரியாத வாடிக்கையாளர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், அட்டையால்தான் கொடுப்போம் என்பவர்கள் வரத் தொடங்கும்போதுதான் கொடுப்பனவு வாசல் என்ற சேவை தேவைப்படுகிறது. பேஹியர், வெப்எக்ஸ்பே போன்றவை இலங்கையில் இந்த வேலையைச் செய்கின்றன. வங்கிகளிலும் சில இதைத் தருகின்றன. சொந்த இணையத்தளம் இல்லாதவருக்கு ஓர் இணைப்பை மட்டும் அனுப்பிக் காசு வாங்கும் வசதி சிலவற்றில் உண்டு. நமக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

இதில் காசு போகும் பாதையைப் புரிந்துகொள்ள வேண்டும். தெமோதரை ஸ்டேசனிலிருந்து புறப்படும் ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து போவதை நாம் அறிவோம். மேலே நின்று பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ரயிலுக்கோ ஒரு முழுச் சுற்று. அட்டைக் காசும் அப்படித்தான். வாங்குபவர் பொத்தானை அழுத்தியதும் "செலுத்தியாயிற்று" என்று திரையில் வரும். ஆனால் காசு அவருடைய வங்கியிலிருந்து அட்டைக் கம்பனியின் வழியாக வாசல் சேவையின் வங்கிக்குப் போய், அங்கிருந்து சேவையின் கணக்கில் நின்று, கழிவு போக மிச்சம்தான் உங்கள் கணக்குக்கு வருகிறது. திரையில் தெரிவது ஒரு வாக்குறுதி. அதைக் காசாக எண்ணி மறுநாள் உரம் வாங்கக் கடையில் சொல்லி வைத்துவிடாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பின்வரும் வீதங்கள் பயிற்சிக்காகச் சொல்பவை. உண்மையான வீதத்தை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். ஒரு குடும்பம் மாதம் 2,000 ரூபாப் பொதி 20 விற்கிறது. மொத்தம் 40,000 ரூபா. முதலாம் சேவை நூற்றுக்கு 3.50 எடுக்கிறது, மாதக் கட்டணம் இல்லை. இரண்டாம் சேவை நூற்றுக்கு 2.50 தான், ஆனால் மாதம் 3,000 ரூபா கட்டணம். விளம்பரத்தைப் பார்த்தால் இரண்டாவது மலிவு. கொப்பியில் போட்டுப் பாருங்கள். முதலாவதுக்கு 1,400 ரூபா போகிறது. இரண்டாவதுக்கு 1,000 ரூபாக் கழிவும் 3,000 ரூபாக் கட்டணமுமாக 4,000 போகிறது. இரண்டாம் சேவை முதலாவதுக்குச் சமமாவதற்கு மாதம் 3 இலட்சம் ரூபா விற்க வேண்டும். நம் அடுப்படியில் அது நடக்கிற காரியமா?

மாதக் கட்டணம் இல்லாத மூன்றாம் சேவை ஒன்று 2.50 மட்டும் எடுக்கிறது என்று வையுங்கள். கழிவு 1,000 ரூபா. முதலாவதைவிட 400 மிச்சம். ஆனால் அது விற்ற காசை ஒரு கிழமை பிந்தித்தான் அனுப்புகிறது. முதலாவது மறுநாளே அனுப்பிவிடுகிறது. மாதம் 40,000 விற்கும் குடும்பத்துக்குக் கிழமைக்குச் சுமார் 10,000. அப்படியானால் எந்நேரமும் உங்கள் காசில் 10,000 ரூபா அவர்கள் கையில் நிற்கும். கையிருப்பு உள்ள வியாபாரிக்கு அது பெரிய விஷயமல்ல. நீங்களோ அடுத்த பொதிக்கு மிளகாய் வாங்க அந்த 10,000 ரூபாவை ஐந்து வட்டிக்கு எடுக்கிறீர்கள். மாதம் 500 ரூபா வட்டி. 400 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் 500 ரூபா கொடுக்கிறோம்.

சேவையே நின்றுபோனால்

காசு பிறர் கையில் நிற்கும் நாட்களில் அந்தப் பிறருக்கு ஏதாவது நடந்தால் என்னாகும்? இது வெறும் பயம் அல்ல, நடந்த விஷயம்.

ஜெர்மனியில் வயர்கார்ட் என்று பெரிய கொடுப்பனவுக் கம்பனி இருந்தது. 2020 ஜூன் மாதத்தில் அதன் கணக்கில் 190 கோடி யூரோவைக் காணவில்லை என்ற செய்தி வெளிவந்தது. சில நாட்களில் கம்பனி முறிந்தது. அதன் கிளை நிறுவனத்தை இங்கிலாந்தின் மேற்பார்வை அதிகாரசபை உடனே முடக்கியது. வயர்கார்ட் என்ற பெயரையே கேள்விப்பட்டிராத மக்கள், அதன் மேல் ஏறி நின்ற வேறு செயலிகளைப் பயன்படுத்தியவர்கள், சிறு வியாபாரிகள் உட்பட, தங்கள் காசை எடுக்க முடியாமல் நாட்கணக்கில் நின்றார்கள். முடக்கம் சில நாட்களில் நீங்கியது. ஆனால் அந்தச் சில நாட்களும் வாடகைக்கும் அரிசிக்கும் காசு தேவைப்பட்ட நாட்கள்.

இந்தியாவில் நடந்தது நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம். பேடிஎம் கம்பனியின் கியூ.ஆர். அட்டை இல்லாத தேநீர்க் கடையே இல்லை என்னும்படி பரவியிருந்தது. 2024 ஜனவரி 31 ஆம் திகதி இந்திய ரிசர்வ் வங்கி, பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி விதிகளைத் தொடர்ந்து மீறியதாகச் சொல்லி, புதிதாக வைப்பு எதையும் ஏற்கக்கூடாது என்று கட்டளையிட்டது. பெப்ரவரி இறுதி என்ற தவணை மார்ச் 15 வரைக்கும் நீட்டப்பட்டது. பேடிஎம் கம்பனி தன் பொறுப்புக் கணக்கை ஆக்சிஸ் வங்கிக்கு மாற்றியதால் கடைக்காரர்களின் அட்டை தொடர்ந்து வேலை செய்தது. ஆனால் விற்ற காசை அந்தப் பேமென்ட்ஸ் வங்கியிலேயே வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர் வேறு வங்கிக் கணக்கைத் தேடி மாற வேண்டியிருந்தது. அட்டை ஒன்றுதான். காசு இறங்கும் இடம் வேறு வங்கியாக இருந்தவர் தூங்கினார். அதே வங்கியாக இருந்தவர் வரிசையில் நின்றார்.

இலங்கையில் கொடுப்பனவு அட்டை, கைத்தொலைபேசிக் கொடுப்பனவுச் சேவைகளை நடத்த மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2013 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. அனுமதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. தேடத் தெரியாவிட்டால் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவின் இலக்கம். பட்டியலில் இல்லாத சேவைக்கு, வீதம் எவ்வளவு குறைவானாலும், போக வேண்டாம். பட்டியலில் உள்ள சேவையானாலும், பெட்டியில் காசைச் சேரவிடாமல் அடிக்கடி வங்கிக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் காசைப் பற்றியும் ஒரு சொல். பேபால் பல வருடங்களாக இலங்கையர்களைக் காசு அனுப்ப மட்டுமே அனுமதித்தது, பெறுவதற்கு அனுமதிக்கவில்லை. அதனால் வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரரின் கணக்கில் வாங்கி, அவர் மூலமாக எடுக்கும் வழக்கம் சிலரிடம் வந்தது. அது டவுன் கடைக்காரரின் கணக்கேதான், கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. உள்நாட்டு வாசல் சேவை வெளிநாட்டு அட்டையை ஏற்குமா, ஏற்றால் அதற்கு வேறு வீதமா என்று விசாரித்துக்கொள்வதே நேர்வழி.

பத்திரங்கள்

இடம்பெயர்ந்தவர்களுக்குப் பெரிய தடை இதுதான். வீதமெல்லாம் இதற்குப் பிறகுதான். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி லயன்கள் மண்ணுக்குள் போனபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை மாவட்டமெங்கும் மலை சரிந்தபோதும், வீட்டோடு சேர்ந்து பத்திரங்களும் போயின. அதற்கு முன்பும் நம் முதியவர்கள் பலரிடம் ஒழுங்கான பத்திரங்கள் இருந்ததில்லை. 1948 இல் பறிபோன குடியுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவுக்குத் தீர்ந்தது.

வங்கிக்கும் வாசல் சேவைக்கும் அடிப்படையாக வேண்டியது தேசிய அடையாள அட்டை. தொலைந்திருந்தால் கிராம உத்தியோகத்தர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை இன்றே தொடங்குங்கள். அடுத்தது விலாசம். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கி வங்கியில் விலாசத்தை மாற்ற வேண்டும். மூன்றாவது, பலரும் கவனிக்காத ஒன்று: பெயரின் எழுத்து. அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது நம்மிடம் சர்வசாதாரணம். தோட்டத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது இன்று நம்மைப் பிடித்து இழுக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் வாசல் சேவை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம், அல்லது சேர்த்துக்கொண்டு காசை வெளியே விடாமல் நிறுத்தி வைக்கலாம். இரண்டாவதுதான் மோசம். விண்ணப்பிக்குமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவு எல்லாச் சேவைக்கும் கட்டாயமல்ல. கேட்பார்களானால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஏமாற்றும் திருப்பிக் கொடுத்தலும்

காசு போட்டதற்கு அடையாளமாக வாடிக்கையாளர் தன் தொலைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்புவார். நேர்மையானவர் அனுப்புவதும் அப்படித்தான் இருக்கும், ஏமாற்றுக்காரர் அனுப்புவதும் அப்படித்தான் இருக்கும். படத்தைப் பார்த்துப் பொருளை அனுப்பாதீர்கள். உங்கள் வங்கியின் குறுஞ்செய்தி வர வேண்டும், அல்லது கணக்கில் மீதி ஏறியிருக்க வேண்டும். குறுஞ்செய்தியிலும் அனுப்பியவர் வங்கிதானா என்று பாருங்கள்; தனியார் இலக்கத்திலிருந்து வங்கி பேசுவது போல எழுதியும் அனுப்புகிறார்கள். காசு வாங்குவதற்கு உங்கள் பின் இலக்கமோ, தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கமோ ஒருபோதும் தேவையில்லை. யாராவது கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். கடை மேசையில் ஒட்டிய கியூ.ஆர். அட்டையின் மேல் வேறொரு அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் தந்திரமும் உண்டு. காலையில் கடை திறந்ததும் நீங்களே பத்து ரூபா அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மலைநாட்டில் மழைக்காலம் ஒவ்வொன்றும் பாதையை ஒரு தடவையாவது மறிக்கும். காளான் காத்திராது. அப்போது காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். முழுத் தொகையையும் நீங்கள் திருப்பும்போது, சேவை எடுத்த கழிவு உங்களுக்குத் திரும்புமா? பல இடங்களில் திரும்பாது. 2,000 ரூபாப் பொதிக்கு 70 ரூபா உங்கள் கையால் போகும். மேலும், அட்டையால் கொடுத்தவர் பொருள் வரவில்லை என்று தன் வங்கியிடம் முறையிட அட்டைக் கம்பனிகள் பொதுவாக 120 நாள் வரைக்கும் இடம் கொடுக்கின்றன. முறையீடு வந்தால் சேவை அந்தத் தொகையை உங்கள் மீதியிலிருந்து பிடித்து வைக்கும். கூரியர் துண்டுச் சீட்டையும், பொருள் கிடைத்தது என்று வாடிக்கையாளர் எழுதிய செய்தியையும் நான்கு மாதம் பத்திரமாக வைத்திருங்கள். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒட்டி வைத்தாலே போதும்.

சேர்ந்து செய்வதானால்

மாதக் கட்டணமுள்ள சேவைக்கு 3 இலட்சம் ரூபா விற்பனை வேண்டும் என்று முன்பு பார்த்தோம். ஒரு குடும்பத்தால் முடியாது. ஆளுக்கு 30,000 ரூபா விற்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. அதற்கு மேல் விற்பதெல்லாம் இலாபம். சங்கத்தின் பெயரில் கணக்கு, எடுப்பதற்கு இரண்டு மூன்று பேரின் ஒப்பம், ஒரே இணைப்பு, ஒரே பொதிப் பெயர். இது நல்ல வழி. ஆனால் இங்கேயும் அதே கேள்வி வரும்: சங்கக் கணக்கில் நிற்பது யாருடைய காசு? கூட்டம் கூடும் ஒவ்வொரு தடவையும் வங்கிக் கூற்றைச் சத்தமாக வாசித்து, யார் யாருக்கு எவ்வளவு போனது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். வாசிக்காத சங்கத்தில் சேருவதைவிடத் தனியாக 3.50 கொடுப்பது மேல் என்பது எங்கள் கருத்து.

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொருவரும் தங்கள் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். கடந்த மாதம் விற்றதைத் திகதி வாரியாக ஒரு தாளில் எழுதி வாருங்கள். விற்ற திகதி ஒரு பக்கம், காசு கைக்கு வந்த திகதி மறுபக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள நாட்களைக் கூட்டிப் பார்ப்போம்.

இளைஞர்களில் மூன்று பேர் கூட்டத்துக்கு முன் மூன்று சேவைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பிறகு இவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள். உள்ளூர் அட்டைக்கும் வெளிநாட்டு அட்டைக்கும் கழிவு எவ்வளவு? மாதக் கட்டணமும் சேரும்போது கட்டும் கட்டணமும் எவ்வளவு? திங்கட்கிழமை விற்ற காசு எந்த நாளில் என் வங்கிக்கு வரும்? குறைந்தது இவ்வளவு சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்ற நிபந்தனை உண்டா? எந்தக் காரணத்துக்காக என் காசை நிறுத்தி வைப்பீர்கள், எத்தனை நாளைக்கு? விலகிக்கொள்ள நினைத்தால் மீதியை எப்போது தருவீர்கள்? பதில் சொன்னவரின் பெயரையும் அழைத்த நேரத்தையும் தாளின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.